முதல் எழுத்து மட்டும்

மில்டன் ஊரில் ரோனா டல்லக்கைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் தொலைபேசியைத்தான் சொல்வார்கள். காலை எட்டரைக்கு மேல் அந்த வீட்டுத் தொலைபேசி ஓயாது. எடுத்தால் மறுமுனையில் நலம் விசாரிப்பெல்லாம் இருக்காது. நேராக எழுத்துகள்தான் வரும். டுனீடினிலிருந்து வரும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், மூன்றுக்கு மூன்றாகக் கட்டம் போட்டு, ஒன்பது ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். அதிலிருந்து கிடைக்கிற சின்னச் சொற்களை ஆளாளுக்குக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஒன்பதையும் ஒன்றுவிடாமல் விழுங்குகிற அந்த ஒரே நீளச் சொல் மட்டும் பிடி கொடுக்காது. அதற்குத்தான் ரோனா.

எழுத்துகளைக் கேட்டு முடித்ததும் ரோனா, "முதல் எழுத்து எம்" என்பாள். அவ்வளவுதான். முழுச் சொல்லையும் அவள் வாயிலிருந்து யாரும் வாங்கியதில்லை. இரண்டாவது எழுத்து வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு மறுபடியும் கூப்பிட வேண்டும். மூன்றாவது கிடையாது.

இந்த விதி அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தது. அப்போது பத்துப் பன்னிரண்டு பண்ணைகளுக்கு ஒரே கம்பி. ஒருவர் பேசினால் மீதிப் பேரும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்பார்கள். ஒருவருக்கு முழுச் சொல்லைச் சொன்னால், இன்னும் பத்திரிகையைப் பிரித்துக்கூடப் பார்க்காத பதினொரு பேரின் காலைப்பொழுது வீணாகும். அதனால் முதல் எழுத்து மட்டும். பிறகு எக்ஸ்சேஞ்சை மூடி, வீட்டுக்கு வீடு டயல் வந்து, தனித்தனிக் கம்பியும் வந்தது. ரோனாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை எட்டரைக்கு அவள் வீட்டில் தொலைபேசி அடித்தது.

ஒரே ஒரு முறைதான் அந்த விதி தளர்ந்தது. அறுபத்தெட்டாம் வருடத்துப் பெரும்பனியில் மலைப் பண்ணைகளுக்குப் போகும் சாலையெல்லாம் மூடிக்கிடந்தது. ஆடு தேடிப் போன புருஷன் திரும்பவில்லை என்று ஐலீன் கோஃபோட் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டாள். தேடுவதற்கு ஆளை அனுப்பிவிட்டு, ரோனா அன்றைய ஒன்பது எழுத்துகளை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். மணிக்கு ஒரு எழுத்து சொல்கிறேன், நீயே கூப்பிட்டுக் கேள் என்றாள். ஐலீன் மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். ஒன்பதாவது எழுத்து வாங்கி முடித்த மறுநாள் நண்பகலில் அந்த ஆள் இரண்டு விரல் கறுத்துப்போய், உயிரோடு வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கம்பியில் இருந்த பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஒன்பது எழுத்தையும் கேட்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லித் திரிந்தவர் ரோனாவின் அண்ணன் டூகல். அவளைவிட ஐந்து வயது மூத்தவர். அப்பா நுரையீரல் கெட்டு இறந்தபோது டூகலுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தை அன்றோடு விட்டுவிட்டுக் கம்பளி மில்லில் சேர்ந்தார். கம்பளி பிரிப்பது அவர் வேலை. வெட்டி வந்த ரோமத்தை மேசையில் விரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு இழையை உருட்டிப் பார்த்து, மெல்லியது இந்தப் பக்கம், முரடு அந்தப் பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். ஐம்பது வருடத்தில் அவர் பிரித்த மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தச் சம்பளத்தில்தான் ரோனா மேலும் சில வருடம் பள்ளிக்குப் போனாள். ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுச் சாமான் ஏலத்தில், தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதியை டூகல் அவளுக்கு வாங்கி வந்தார். அதைத் தம் வாழ்நாளில் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. "எழுத்து எனக்கு ஒட்டாது" என்பார். கேட்டால், கைதான் படித்திருக்கிறது என்று விரலை ஆட்டிக் காட்டுவார்.

இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கம்பி இழுக்க வந்த ஒருவர் ரோனாவிடம் கேட்டது உண்டு. அம்மா படுக்கையில் இருந்த வருடம் அது. அவர் நெல்சன் பக்கம் மாற்றலாகிப் போனார். போகும்போது ஏணியை எக்ஸ்சேஞ்சு வாசலிலேயே மறந்துவிட்டுப் போனார் என்று ரோனா சிரித்துக்கொண்டு சொல்வாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

சனிக்கிழமை பௌலிங் கிளப்பில் வெளியூர்க்காரர் யாராவது அகப்பட்டால் டூகலுக்குக் கொண்டாட்டம். "எந்த ஒன்பது எழுத்து வேணும்னாலும் குடு. என் தங்கச்சி சொல்லுவா" என்று கிளப்புத் தொலைபேசியிலிருந்தே கூப்பிடுவார். ரோனா பதில் சொல்லிவிடுவாள். ஆனால் அவர் வீட்டுக்கு வந்ததும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"நான் என்ன கண்காட்சிக்கு ஓட்டிட்டுப் போற கெடாரியாடா கிழவா? கயிறக் கட்டி ஒரு ரிப்பனயும் கட்டிடு, முடிஞ்சுது."

"முதல் பரிசு ரிப்பன் வாங்கற பசுதானே நீ" என்பார் டூகல்.

எக்ஸ்சேஞ்சு மூடிய வருடத்திலிருந்து ரோனா ஒரு வேலையைத் தொடங்கியிருந்தாள். காலையில் தொலைபேசி அடங்கிய பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது எழுத்துச் சொற்களை மட்டும் பொறுக்கி, சொல்லுக்கு ஒரு சின்ன அட்டையாக எழுதுவாள். பதினான்கு வருடத்தில் பதினோராயிரம் அட்டை சேர்ந்தது. முன்னறைச் சுவரோரம் இருபத்து நான்கு செருப்புப் பெட்டிகளில் அவை நின்றன. அட்டையின் ஒரு பக்கம் மையில் ஒரு சொல். மறுபக்கத்து மூலையில் பென்சிலால் ஒன்பது எழுத்து. டூகல் ஒவ்வொரு பெட்டியையும் தூசி தட்டி வைப்பார். அது என்ன, எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது அவளுடைய படிப்பு சம்பந்தப்பட்டது. அவருக்கு அதில் பெருமை மட்டும் போதுமாக இருந்தது.

அந்த வருடம் மே மாதத்தில் ரோனாவுக்கு வயிற்றில் கட்டி என்று டுனீடின் ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். அவளுக்கு அறுபத்தாறு வயது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் நோயைப் பற்றி எதுவும் பேசவில்லை. தொலைபேசியைப் பற்றித்தான் பேசினாள்.

"எனக்கு அப்புறமும் காலைல யாராவது எடுத்துப் பதில் சொல்லணும் டூகி. அந்த மலைப் பண்ணைங்கள்ல சில பேருக்கு நாள் பூரா அது ஒண்ணுதான் பேச்சு."

"நீ வந்து நீயே சொல்லு" என்றார் டூகல்.

"வர்றேன். வந்ததும் உனக்கு ஒண்ணு காட்டித் தரணும். அதுவரைக்கும் பெட்டிய மட்டும் பத்திரமா பாத்துக்கோ."

பாத்துக்கோ என்ற சொல்லை டூகல் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தெற்கு நாட்டில் ஜூனில்தான் குளிர்காலம் தொடங்கும்; முதல் வாரமே உறைபனி கடுமையாக விழுந்தது. முன்னறைச் சுவருக்குள் ஓடிய குழாய் வெடித்து, டூகல் விழித்துப் பார்த்தபோது தரையில் விரலாழத்துக்குத் தண்ணீர் நின்றது. அவர் அவசரம் அவசரமாகப் பெட்டிகளைத் தூக்கிச் சமையலறை மேசைக்குக் கொண்டு போனார். இரண்டு பெட்டிகளின் அடிப்பாகம் ஊறிப் பிய்ந்து, அட்டைகள் நடையெல்லாம் கொட்டின. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து அடுப்பருகே உலர்த்தினார். எந்த வரிசையில் இருந்தன என்று தெரிந்துகொள்ளக் கொட்டாத பெட்டிகளைப் பார்த்தார். அவற்றிலும் வரிசை இல்லை. ஒரு பெட்டியில் ஆம்புலன்ஸ் என்ற சொல். அதற்குப் பிறகு அலிகேட்டர். இன்னொன்றில் வெஜிடபிள். அதற்கும் அடுத்ததில் சாக்லேட். வேறொரு அட்டையில் வாத்தியக் குழுவுக்கான ஆர்கெஸ்ட்ராவும், வண்டிக் குதிரைக்கான கார்ட்ஹார்ஸும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. அட்டைக்குச் சிக்கனம் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். தான் தூக்கிவந்த வேகத்தில் அத்தனை பெட்டியும் கலைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அகராதியின் வரிசை ஒன்றுதான் சொற்களுக்கு உண்டு என்பது மட்டுமே அவர் அறிந்தது.

அட்டைகளின் பின்பக்கத்தையும் பார்த்தார். பென்சில் எழுத்துகளில் பாதிக்கு மேல் ஏ என்றே தொடங்கின. அது அவருக்குப் பழக்கமான காட்சி. மில்லில் ஒவ்வொரு மூட்டையின் மேலும் கறுப்பு மையில் எழுத்து போட்டிருக்கும். முதல் தரத்துக்கு ஏ, அடுத்ததற்கு பி. மூட்டையைப் பிரித்து மறுபடி கட்டும்போது பழைய குறியை முழுதாக அழித்துவிட வேண்டும். பழைய குறியோடு ஒரு மூட்டை வெளியே போனால் பிரித்தவனுக்குத்தான் அவமானம். டூகல் ஐம்பது வருடம் அப்படித்தான் செய்தார்.

அதனால் அதையே செய்தார். காலை எட்டு மணிக்கு மேசைக்கு முன்னால் உட்காருவார். பத்து மணிக்கு டீ. பன்னிரண்டுக்கு ரொட்டியும் குளிர்ந்த ஆட்டிறைச்சியும். மாலை ஐந்துக்கு எழுந்திருப்பார். மில்லின் மணிக்கணக்கு அது. ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பென்சில் குறியை ரப்பரால் சுத்தமாகத் தேய்த்து, அகராதி வரிசையில் அடுக்கினார். ஐந்து வாரத்தில் இரண்டு ரப்பர் தேய்ந்து முடிந்தன. தொலைபேசி அடித்தால், ரோனா வந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் டுனீடினுக்குப் போனபோது ரோனா கேட்டாள்.

"குழாய் வெடிச்சுதாமே. தபால் ஆபீஸ் பெவ் சொன்னா. பெட்டி நனையலயே?"

"ஒரு அட்டைகூடக் கெடல. நீ வந்து பாரு. இப்படி ஒரு ஒழுங்க நீ பாத்திருக்க மாட்ட."

அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். தலையணையில் அவள் முகம் சின்னதாகிப் போயிருந்தது. டாக்டர் டூகலை வராந்தாவுக்கு அழைத்துப் போய், வயிற்றைத் திறந்து பார்த்து அப்படியே மூடிவிட்டதாகச் சொன்னார். வசந்தம் வரை இருக்கலாம் என்றார். ரோனாவுக்குத் தெரியுமா என்று டூகல் கேட்டார். அவள்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

ஜூலையில் அவளை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். டூகல் முன்னறையில் கட்டிலைப் போட்டு, தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்திருந்தார். சுவரோரம் புதுப் பலகையின் மேல் இருபத்து நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் தம்முடைய உருண்டைக் கையெழுத்தில், எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை என்று எழுதி ஒட்டியிருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

ரோனா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு அட்டையை உருவிப் பின்பக்கம் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். இன்னொரு பெட்டிக்குப் போய் அங்கிருந்தும் ஒன்று எடுத்தாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அடுப்பில் கரி சரிகிற சத்தம் கேட்டது.

"பின்னாடி எழுத்து இருந்துதே" என்றாள்.

"பழைய குறிதானே. தேய்ச்சு எடுத்துட்டேன். ஒண்ணுல கூடத் தடம் தெரியாது."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

அவள் கையிலிருந்த மூன்று அட்டைகளையும் அதனதன் இடத்தில் கவனமாகச் செருகினாள். "ரொம்ப அழகா அடுக்கியிருக்க டூகி" என்றாள். "ஒரு டீ போடேன்."

டூகல் டீ போடப் போனார். அன்றைய மாலையைப் போலச் சந்தோஷமான மாலை அந்த வருடத்தில் அவருக்கு வேறில்லை.

மறுநாள் எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. ரோனா படுத்தபடியே கேட்டாள், கண்ணை மூடினாள், முதல் எழுத்தைச் சொன்னாள். ஒரு வாரம் அப்படியே போனது. ஊரில் எல்லாருக்கும் ரோனா திரும்பிவிட்டாள் என்று தெரிந்தது. பிறகு வலிக்கு மருந்தின் அளவைக் கூட்டினார்கள். ஒரு புதன்கிழமை ஐலீன் கோஃபோட் கூப்பிட்டு எழுத்துகளைச் சொன்னபோது, ரோனா கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். "நாளைக்குச் சொல்றேன் ஐலீன்" என்றாள். நாற்பத்துச் சொச்சம் வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. வைத்த பிறகு அவள் நெடுநேரம் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டூகல் அதைக் கவனித்தார். பெட்டிகளைப் பார்த்து ஆறுதல் அடைகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போய் வந்தபோது கட்டில் பலகையில் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் கிடந்தன. ரோனா தூங்கிக்கொண்டிருந்தாள். அட்டைகளின் பின்னால் மறுபடியும் பென்சில் எழுத்து, கோணலும் மாணலுமாக. பாவம், மருந்து மயக்கத்தில் கிறுக்கியிருக்கிறாள் என்று நினைத்து, டூகல் ரப்பரை எடுத்து வந்து ஒவ்வொன்றையும் பூப்போலத் தேய்த்துச் சுத்தம் செய்து, பெட்டியில் செருகிவிட்டார்.

அவள் கண்விழித்ததும் அட்டைகளைத் தேடினாள். டூகல் தாம் செய்ததைச் சொன்னார். ரோனா அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தையல் போட்ட இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகும் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"உக்காரு டூகி" என்றாள். "நான் சொல்லாம போயிடலாம்னுதான் பாத்தேன். நீ விடமாட்டேங்கற."

அவள் ஒரு அட்டையை எடுக்கச் சொன்னாள். டெலிபோன் என்ற சொல். அதில் இருக்கிற எழுத்துகளைக் கலைத்தால் பத்திரிகைக்காரன் எப்படி வேண்டுமானாலும் போடுவான். ஆனால் அவற்றை ஏ, பி, சி வரிசையில் அடுக்கினால் ஒரே ஒரு விதமாகத்தான் வரும். இ, இ, இ, ஹெச், எல், என், ஓ, பி, டி. அந்த வரிசையைத்தான் பின்பக்கம் எழுதி, அதன்படியே பெட்டிகளில் அடுக்கியிருந்தாள். காலையில் யாராவது ஒன்பது எழுத்து சொன்னால், அதை வரிசைப்படுத்திக்கொண்டு பெட்டிக்குப் போனால் போதும். அட்டையைத் திருப்பினால் சொல் இருக்கும். ஆர்கெஸ்ட்ராவுக்கும் கார்ட்ஹார்ஸுக்கும் எழுத்து ஒன்றே. அதனால் இரண்டுக்கும் ஒரே அட்டை. தப்பு வந்தால் திருத்திக்கொள்ளத்தான் பென்சில். எக்ஸ்சேஞ்சுப் பழக்கம்.

டூகல் கையிலிருந்த அட்டையின் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அகராதி வரிசையில் அடுக்கிய பெட்டியால் ஒரு பயனும் இல்லை. அகராதி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

"இது இல்லாமலே நீ சொல்லுவியே" என்றார் கடைசியில்.

"எனக்கு எதுக்கு பெட்டி? இது உனக்கு."

அவர் நிமிரவில்லை.

"எழுத்து ஒட்டாது, எழுத்து ஒட்டாதுன்னு ஆயுசு பூரா சொல்லிட்டே இருந்தியே. உனக்கு அடுக்கத் தெரியும். அடுக்கத் தெரிஞ்சவன் கண்டுபிடிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணணும்னு பாத்தேன். போன கிறிஸ்துமஸ்லதான் முடிஞ்சுது. வந்ததும் காட்டித் தர்றேன்னு சொன்னேனே, அது இதுதான்."

டூகல் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வேலியோரம் போய், உறைந்து கிடந்த முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்த்தபடி நின்றார். தபால் அலுவலகத்திலிருந்து வந்த பெவ் கில்கிறைஸ்ட்தான் அவரை உள்ளே கூட்டி வந்தாள். அவளும் ஒரு காலத்தில் ரோனாவோடு எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் மூளைய மூட்டை கட்டி மில்லுலயே விட்டுட்டு வந்தியா டூகல்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"அவனைத் திட்டாத பெவ்" என்றாள் ரோனா. "பதினாலு வருஷத்துல நானும் ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லல."

அடுத்த நாளே தொடங்கினார்கள். அகராதி வரிசையில் இருந்ததால் ஏ-யில் தொடங்கும் சொற்களிலிருந்துதான் போக முடிந்தது. டூகல் அட்டையை நீட்டுவார். ரோனா ஒரு கணம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வரிசையை எழுதுவாள். காலையில் முப்பது, மாலையில் இருபது. சில நாள் ஐந்துகூட ஆகாது. டூகலும் பழகிக்கொள்ள வேண்டும் என்றாள் அவள். அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் வரவில்லை. பழைய காலண்டர் அட்டையை நறுக்கி, ஒவ்வொரு எழுத்தையும் நாலைந்து துண்டுகளாகச் செய்து வைத்துக்கொண்டார். சொல்லிலுள்ள எழுத்துகளை மேசையில் பரப்பி, ரோமம் பிரிப்பது போல இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ஒதுக்கி, ஒன்பது இருக்கிறதா என்று இருமுறை எண்ணி, பிறகு பென்சிலைத் தொடுவார்.

"இந்த வேகத்துக்கு ஒரு ஆட்ட உரிச்சு, நூத்து, ஸ்வெட்டரே பின்னிடலாம்" என்பாள் ரோனா.

"மூட்டை திரும்பி வராது" என்பார் டூகல்.

ஆகஸ்டு முடியும்போது ஏ-யும் பி-யில் பெரும்பகுதியும் ஆகியிருந்தன. ஆயிரத்துச் சொச்சம் அட்டை. காலைத் தொலைபேசியை அவள் எடுப்பது நின்றுவிட்டது. பெவ் வந்திருக்கும் நாளில் பெவ் எடுத்து, ரோனாவுக்கு உடம்பு சரியில்லை என்பாள். செப்டம்பர் நடுவில், மலைப் பண்ணைகளில் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தபோது, ஒரு காலை பத்து மணிக்கு டூகல் பிரேக்ஃபாஸ்ட் என்ற அட்டையை நீட்டினார். ரோனா ஏ, ஏ, பி, இ, எஃப் என்று ஐந்து எழுத்து எழுதினாள். எஃப்பின் குறுக்குக் கோடு கீழே வழுக்கிக்கொண்டு போனது. "கொஞ்சம் இரு" என்றாள். டூகல் இருந்தார். அவள் பென்சிலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள், விழிக்கவில்லை.

தேவாலயத்தில் இடம் போதவில்லை. சபை அரங்கில் தட்டுத் தட்டாக சீஸ் ரோல்களை வைத்துவிட்டு, மலைப் பண்ணைக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். பாதிப் பேரை டூகல் பார்த்ததே இல்லை. ஆனால் வாயைத் திறந்ததும் குரல் தெரிந்தது. ஐலீன் கோஃபோட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் எட்டரைக்கு டூகல் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டிகள் தயாராக இல்லை. ஆனாலும் யாராவது எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். பத்து மணி வரை உட்கார்ந்தார். அடிக்கவில்லை. துக்க வீட்டைப் புதிருக்காகக் கூப்பிடக் கூடாது என்று ஊர் முழுக்க, தனித்தனியாக, நினைத்துக்கொண்டது. அடுத்த வாரமும் அடிக்கவில்லை.

அவர் பிரேக்ஃபாஸ்டை முடித்தார். கே, ஆர், எஸ், டி. பிறகு அடுத்த அட்டையை எடுத்தார். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, நடுவே டீயும் சாப்பாடும். முழுதாக ஒரு வருடமும் இன்னொரு குளிர்காலமும் ஆனது. அந்த நாட்களில் டூகலுக்குச் சொற்கள் பழக்கமாயின. அர்த்தம் தெரியாவிட்டாலும், எதில் எந்த எழுத்து இரட்டையாக வரும் என்று விரலுக்குத் தெரிந்தது. எல்லா அட்டையும் எழுதி முடித்தபிறகு, அகராதி வரிசையைக் கலைத்து, அவளுடைய வரிசையில் அடுக்கினார். ஆம்புலன்ஸுக்குப் பிறகு அலிகேட்டர். கடைசிப் பெட்டியில் லைட்னிங். பெட்டிகளின் நெற்றியிலிருந்த தம் சீட்டுகளைக் கிழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று பெவ்விடம் சொன்னார். பெவ் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ரோனாவின் தொலைபேசியில் டூகல் இருக்கிறார், கூப்பிடுங்கள் என்று.

முதல் வாரம் நாலைந்து பேர் கூப்பிட்டார்கள். டூகல் எழுத்துகளைப் பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, துண்டுகளை அடுக்கி, பெட்டிக்குப் போய், அட்டையைத் திருப்பி, முதல் எழுத்தைச் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை. அவருக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஆனால் இரண்டு வருடமாக அவர்கள் காலைப்பொழுதை வேறு விதமாகப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஐலீன் கோஃபோட் அதற்கு முந்திய இலையுதிர்காலத்திலேயே இறந்துபோயிருந்தாள். சிலர் கூப்பிட்டது டூகல் எப்படி இருக்கிறார் என்று பார்க்கத்தான். மெல்ல மெல்ல அதுவும் குறைந்தது.

இப்போது பெவ் மட்டும் கூப்பிடுகிறாள். வேலை நாட்களில் ஒன்பதரைக்கு, கவுன்ட்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, எழுத்துகளை நிதானமாக வாசிப்பாள். டூகல் முதல் எழுத்தைச் சொன்னதும், "அதானே, இது எனக்குத் தோணவே இல்லயே" என்பாள்.

ஒருநாள் தபால்தலை வாங்க அவர் ஒன்பது மணிக்கே அங்கே போனார். கவுன்ட்டரின் மேல் அன்றைய பத்திரிகை கடைசிப் பக்கம் தெரிய மடித்துக் கிடந்தது. கட்டத்துக்குப் பக்கத்தில், ஓரமாக, அந்த நீளச் சொல் பெவ்வின் கையெழுத்தில் முழுதாக எழுதப்பட்டிருந்தது. பெவ் உள்ளே பொட்டலம் எடுக்கப் போயிருந்தாள். டூகல் தபால்தலையைக் கூட வாங்காமல், அவள் வருவதற்குள் வெளியே வந்து, வேகமாக வீட்டுக்கு நடந்தார். ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. அவர் எடுத்தார். எழுத்துகளைக் குறித்துக்கொண்டார். துண்டுகளை அடுக்கினார், பெட்டிக்குப் போனார், முதல் எழுத்தை மட்டும் சொன்னார்.

தினமும் பத்திரிகை வந்ததும் அவரே கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறார். ஒன்பது எழுத்தில் ஏ இரண்டு இருக்கிறதா, கே இருக்கிறதா, எஃப் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஐந்து எழுத்து அவள் கையெழுத்திலும் நாலு எழுத்து தம் கையெழுத்திலுமாக இருக்கிற அந்த அட்டையை, பெவ் கூப்பிடுகிற ஒரு காலையில், பெட்டியிலிருந்து முறையாக எடுக்க வேண்டும் என்று ஆசை. சும்மா எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்த எழுத்துகள் இன்னும் வரவில்லை.